பொறிக்குச் சதுரங்கம் கற்பித்த அறிஞர் ஆலன் டூரிங்

மக்கள் பொழுது போக்குதற்கெனக் கண்ட விளையாட்டுக்கள் பலவாம். அவற்றுள் உடல் வன்மையால் வெல்லப்படுவன சில. பகடை விழும் வகையால் வெல்லப்படுவன சில. மதி ஒன்றையே துணையாகக் கொண்டு வெல்லப்படுவன சில. எம் வத்தலக்குண்டுப் பக்கத்துச் சிற்றூர்களில், மரத்தடிக் கல்லிலும் சாவடித் திண்ணையிலும் கோடு கீறி, 3 புலியும் 15 ஆடும் வைத்து முதியோர் ஆடும் ஆடு புலி ஆட்டம் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அவ்வகைக்கு முடிமணியாக விளங்குவது சதுரங்கம். நாற்படை என்னும் பொருளைத் தன் பெயரிலேயே தாங்கிய அவ்வாட்டம் நம் நாட்டில் தோன்றிப் பாரசீகம் சென்று, அராபியர் கைப்பட்டு, ஐரோப்பாவை அடைந்து, இந்நாளில் உலகமெங்கும் பரவி நிற்கின்றது.

மதியால் ஆடும் ஆட்டத்தை மதியில்லாத பொறி ஒன்று ஆடக் கூடுமோ என்னும் வினா நெடுநாளையது. 1770ஆம் ஆண்டில் வியன்னா அரண்மனையில் கெம்பலன் என்பார், துருக்கியர் உடை பூண்ட பாவையொன்று சதுரங்கம் ஆடக் காட்டினார். அரசரும் அறிஞரும் அதனிடம் தோற்று வியந்தனர்; நெப்போலியனும் 1809ஆம் ஆண்டில் அதனோடு ஆடினான். ஆனால் அப்பெட்டியினுள் ஆட்டம் வல்ல மனிதன் ஒருவன் மறைந்திருந்தான் என்பது பின்னர் வெளியாயிற்று. அது பொறியன்று; பொய்யே. 1912ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் நாட்டு டோரஸ் கெவேதோ என்பார் மெய்யாகவே தானே ஆடும் பொறி ஒன்றை அமைத்தார். எனினும் அஃது அரசனும் யானையும் கொண்டு எதிரியின் தனி அரசனை மடக்கும் இறுதிப் பகுதியை மட்டுமே அறிந்திருந்தது. முழு ஆட்டத்தையும் முதலிலிருந்து முடிவுவரை ஆடுதற்கு வேண்டிய விதிகளை வகுத்து, அவ்விதிகளின்படியே மனிதரொருவரோடு ஆடியும் காட்டிய பெருமை ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேயரைச் சாரும். அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியும் பிறப்பும்

டூரிங் ஆங்கில நாட்டிற் பிறந்தவரேனும், அவர் குடி நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. தந்தையார் ஜூலியஸ் மாத்திசன் டூரிங் என்பார் ஐ.சி.எஸ். தேர்வில் வென்று, பழைய சென்னை மாகாணத்தில் அலுவல் பார்த்தவர். தாயார் ஏதெல் சாரா என்பார் கோயமுத்தூரை அடுத்த போத்தனூரிலே 1881ஆம் ஆண்டில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனாராகிய எட்வர்டு வாலர் ஸ்டோனி சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக விளங்கினார். ஆறுகளுக்குப் பாலங் கட்டிய அவர், ஓசையின்றி இயங்கும் பங்காச் சக்கரம் ஒன்றையும் புதிதாகக் கண்டமைத்தார் என்பர். பொறியமைக்கும் ஆற்றல் பேரனுக்குப் பாட்டன் வழியாகவே வந்தது போலும்!

1907ஆம் ஆண்டில் ஜூலியசும் சாராவும் மணந்துகொண்டனர். மூத்த மகனாகிய ஜான் 1908ஆம் ஆண்டில் நீலகிரிக் குன்னூரிற் பிறந்தார். தந்தையார், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்து இந்நாளில் ஒடிசாவில் உள்ள சத்ரபூரில் அலுவல் பார்க்கும் காலத்தில் தாயார் மீண்டும் கருவுற்றார். பேறுகாலத்திற்குக் குடும்பம் தாய்நாடு சென்றது. 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஆலன் மாத்திசன் டூரிங் பிறந்தார்.

நம் நாட்டு வெயிலும் நோயும் இளங்குழவிகட்கு ஆகா என்று பெற்றோர் அஞ்சினர். ஆதலின் மக்கள் இருவரையும் ஆங்கிலக் கடற்கரை ஊராகிய செயிண்ட் லெனார்ட்சில், ஓய்வு பெற்ற படைத்தலைவர் ஒருவர் இல்லத்தில் விட்டு, முதலில் தந்தையாரும் பின்னர்த் தாயாரும் இந்தியா திரும்பினர். இளைய பிள்ளைக்கு அப்பொழுது வயது 2 நிரம்பவில்லை. போர்க் காலத்திற் சில ஆண்டுகள் தாயார் உடனிருந்ததொழிய, இளமையின் பெரும்பகுதியைப் பிள்ளைகள் பிறர் மனையிலும் விடுதிப் பள்ளியிலுமே கழித்தனர். நம் மாவட்டங்களை ஆண்ட வெள்ளை அதிகாரிகளைக் குறித்து நாம் பலவாறு பேசுகின்றோம். அவ்வதிகாரத்திற்கு அவர்தம் குழந்தைகள் செலுத்திய விலையை எண்ணுவார் அரியர். தனித்திருந்து தனக்குத்தானே எண்ணும் இயல்பு டூரிங்கினிடம் இளமையிலேயே வேரூன்றியது இதனாற் போலும்.

கல்வியும் நட்பும்

1926ஆம் ஆண்டில் டூரிங் ஷெர்போர்ன் பள்ளியிற் சேர்ந்தார். பள்ளி திறக்கும் நாளில் நாடெங்கும் தொழிலாளர் வேலை நிறுத்தம் நிகழ்ந்தமையால் புகைவண்டிகள் ஓடவில்லை. 13 வயதுச் சிறுவராகிய அவர், கப்பல் துறையாகிய சவுதாம்டனிலிருந்து ஏறக்குறைய 60 மைல் தொலைவைத் தம் மிதிவண்டியிலேயே கடந்து, இடையில் ஒரு விடுதியில் இரவைக் கழித்துப் பள்ளியை அடைந்தார். மேற்கொண்டதை முடிக்கும் உறுதி அவரிடம் அன்றே காணப்பட்டது.

எனினும் அப்பள்ளி இலத்தீன் முதலிய பழங்கலைகளையே பெரிதும் போற்றியது. டூரிங்கின் கையெழுத்து அழகற்றது. ஏடுகளில் மைக்கறை மலிந்திருந்தது. அவர் உள்ளமோ கணக்கிலும் அறிவியலிலுமே தோய்ந்திருந்தது. இப்பிள்ளை இங்குக் காலத்தை வீணாக்குகின்றான் என்று கருதிய ஆசிரியரும் இருந்தனர். அந்நிலையில் அவருக்கு வாய்த்த அருந்துணை கிறிஸ்தோபர் மார்க்கம் என்னும் உடன் மாணவர். இருவரும் விண்மீன்களைப் பற்றியும் எண்களைப் பற்றியும் இடையறாது உரையாடினர். ஆனால் மார்க்கம் இளமையில் நோயுற்ற பசுவின் பாலைப் பருகியதால் காசநோய் பற்றியவர். 1930ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் உயிர் நீத்தார்.

நண்பரைக் கூற்றுவன் கொண்டுபோன அத்துயரம் டூரிங்கின் வாழ்க்கையையே திருப்பிற்று. நண்பர் செய்யாது விட்ட பணிகளைத் தாமே செய்து முடித்தல் கடனென்று கொண்டார். உடல் அழிந்தபின் உள்ளம் என்னாகும், உயிர் உடலோடு எங்ஙனம் பிணைக்கப்பட்டுள்ளது என்னும் வினாக்கள் அவரை வருத்தின. நண்பரின் அன்னையார்க்கு எழுதிய கடிதங்களிலும் இவற்றையே ஆராய்ந்தார். எண்ணுவது எது என்று பின்னாளில் அவர் உலகையே கேட்ட பெருவினாவிற்கு வித்து இங்கே விழுந்தது எனலாம்.

கற்பனைப் பொறி

1931ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்த டூரிங், கணிதத்தில் முதல் வகுப்பில் தேறி, 1935ஆம் ஆண்டில் 22 வயதிலேயே அக்கல்லூரியின் உறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். அக்காலத்தில், எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும் அது நிறுவத்தக்கதா அன்றா என்பதைத் தவறாது முடிவு செய்யும் பொதுமுறை ஒன்று உண்டோ என்று ஜெர்மானியக் கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட் எழுப்பிய வினா அறிஞரை மயக்கிக்கொண்டிருந்தது.

டூரிங் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு விடை கண்டார். அவர் சென்ற வழி புதுமையானது. முடிவில்லாது நீளும் ஓலை ஒன்றை நினைத்துக்கொள்வோம். அது கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. எழுத்தாணி போன்ற உறுப்பொன்று ஒரு கட்டத்தில் உள்ள குறியைப் படிக்கும். விதிப்படி அதனை அழிக்கும், அல்லது வேறு குறி எழுதும். பின் ஒரு கட்டம் இடமோ வலமோ நகரும். இவ்வளவே அதன் தொழில். மனிதன் தாளும் கோலும் கொண்டு விதிப்படி செய்யும் கணக்கு அனைத்தையும் இவ்வெளிய பொறி செய்ய வல்லது என்று டூரிங் காட்டினார். அன்றியும், விதிகளையே ஓலையில் எழுதிக் கொடுப்பின், ஒரே பொறி எல்லாப் பொறிகளின் தொழிலையும் செய்யும் என்றும் நிறுவினார். அத்தகைய பொறியாலும் விடை காண இயலாத வினாக்கள் உண்டு. ஆகவே ஹில்பர்ட் வேண்டிய பொதுமுறை இல்லை என்பது அவர் முடிவு. இந்நாளில் நம் கையிலும் மேசையிலும் இருக்கும் கணிப்பொறிகள் யாவும் அக்கற்பனைப் பொறியின் வழித்தோன்றல்களே.

போர்க்களத்துச் சதுரங்கர்

பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனிற் பயின்று டாக்டர் பட்டம் பெற்று மீண்ட டூரிங், 1939ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், போர் மூண்ட மறுநாளே, பிளெட்ச்லி பார்க் என்னும் மறைவிடத்திற் பணியேற்றார். ஜெர்மானியர் தம் செய்திகளை எனிக்மா என்னும் பொறியால் மறைத்து அனுப்பினர். அம்மறைப்பை முதலில் உடைத்தோர் போலந்து நாட்டுக் கணித இளைஞர். அவர்கள் தாம் கண்டதை 1939ஆம் ஆண்டு ஜூலையில் ஆங்கிலேயர்க்கு வழங்கினர். அவர்கள் இட்ட அடிப்படையின்மேல் டூரிங், பாம் எனப்பட்ட பெரும் பொறியை வகுத்தார். வெல்ச்மன் என்பார் அதனைத் திருத்தி விரைவுபடுத்தினார். போர் முடியுமுன் அத்தகைய பொறிகள் 200க்கு மேல் இயங்கின. நீர்மூழ்கிக் கப்பல்கள் பயன்படுத்திய கடற்படை எனிக்மாவைத் தீர்க்கும் அரும்பணிக்கு டூரிங்கே தலைமை தாங்கினார். உணவும் கருவியும் ஏற்றிவந்த கப்பல்கள் பல உயிர் தப்பியது அதனாலாகும்.

ஈண்டு நம் பொருளுக்கு இயைந்த செய்தி ஒன்றுண்டு. மறைமொழி ஆய்வுக்கு ஆட்டம் வல்லாரே ஏற்றவர் என்று கருதி, அந்நாட்டின் சதுரங்க வீரர் பலரை அங்கே சேர்த்திருந்தனர். அலெக்சாந்தர், மில்னர்-பாரி, கோலம்பெக் என்னும் மூவரும் 1939ஆம் ஆண்டில் புவெனஸ் அயர்ஸ் சதுரங்க ஒலிம்பியாடில் ஆடிக்கொண்டிருந்தபோதே போர் மூண்டது. அவர்கள் தாய்நாடு மீண்டு இப்பணியிற் சேர்ந்தனர். ஆளும் பொருளும் போதாமையைப் பிரதமர் சர்ச்சிலுக்கு நேரே விண்ணப்பித்து, டூரிங்கும் தோழரும் 1941ஆம் ஆண்டு அக்டோபரில் எழுதிய கடிதத்தை எடுத்துச் சென்றவரும் மில்னர்-பாரியே.

இவர்களிடையே வாழ்ந்த டூரிங் சதுரங்கத்தில் வல்லவராக இருந்தார் என்று கருதுவீராயின் அது தவறு. கோலம்பெக் தம் அரசியை முன்னரே விட்டுக்கொடுத்து ஆடியும் டூரிங்கை வெல்வார் என்பர். டூரிங் தோல்வியை ஒப்புக்கொண்டபின், பலகையைத் திருப்பி, டூரிங் கைவிட்ட பக்கத்தையே தாம் ஏற்று அதிலும் வென்றார் என்றும் சொல்வர். ஆயினும் வல்லாரிடம் தோற்ற அத்தோல்விகளே டூரிங்கைச் சிந்திக்கச் செய்தன. வல்லவன் காய்களைக் காணும்போது அவன் உள்ளத்தில் நிகழ்வது யாது? அதனை விதிகளாக எழுதக் கூடுமோ? எழுதின், பொறியும் ஆடாதோ? இரவுப் பொழுதுகளில் மிச்சி, குட் என்னும் இளைய தோழரோடு இவற்றைப் பற்றி அவர் வாதிட்டார். ஆட்டம் வல்லவர் ஆட்டத்தை ஆடினர். ஆட்டம் வல்லராகாத டூரிங் ஆட்டத்தின் உட்பொருளை ஆராய்ந்தார்.

தாளிலே இயங்கிய பொறி

போர் முடிந்தபின் டூரிங் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்திற் சேர்ந்து மின்னணுக் கணிப்பொறி ஒன்றிற்குத் திட்டம் வகுத்தார். அத்திட்டத்திலேயே பொறி சதுரங்கம் ஆடுதல் கூடும் என்னும் கருத்தையும் குறித்தார். இக்காலத்தில் ஓட்டப் பயிற்சியிலும் அவர் சிறந்து நின்றார். 1947ஆம் ஆண்டில் மாரதான் தொலைவை 2 மணி 46 நிமிடங்களில் ஓடி 5ஆம் இடம் பெற்றார். அதே ஆண்டில் இலண்டன் கணிதக் கழகத்தில் நிகழ்த்திய உரையில், பொறிக்கு நாம் நேர்மை காட்டல் வேண்டும் என்னும் கருத்தை வற்புறுத்தினார். தவறே செய்யலாகாது என்று ஒன்றை வற்புறுத்திவிட்டு அதனிடம் அறிவையும் எதிர்பார்த்தல் முறையன்று. மனிதனும் தவறி, திருத்தப்பட்டே அறிவுடையன் ஆகின்றான். பொறிக்கும் அவ்வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்பது அவர் கூற்றின் சாரம்.

1948ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக் கழகத்திற்குச் சென்ற டூரிங், தம் நண்பர் சாம்பர்னௌன் என்பாரோடு சேர்ந்து சதுரங்க விதித்தொகுதி ஒன்றை வகுத்தார். இருவர் பெயரையும் கூட்டி அதற்கு டூரோசாம்ப் என்று பெயரிட்டனர். அதன் முறையைச் சிறிது விளக்குவோம்.

காய்களுக்கு மதிப்பு வகுக்கப்பட்டது: காலாளுக்கு 1, குதிரைக்கு 3, மந்திரிக்கு 3½, யானைக்கு 5, அரசிக்கு 10. பொறி முதலிற் தான் ஆடத்தக்க நகர்த்தல் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்ளும். அதற்கு எதிரி ஆடத்தக்க விடை ஒவ்வொன்றையும் பார்க்கும். காய் வெட்டுதல் தொடருமாயின் அவ்வெட்டு ஓயுமளவும் பின்தொடரும். இறுதியில் இரு பக்கத்துக் காய்களின் மதிப்பையும் ஒப்பிடும். எதிரி தனக்கு மிக நல்லதையே செய்வான் எனக் கொண்டு, அந்நிலையிலும் தனக்குக் கேடு குறைந்த வழியையே தேரும். மதிப்பு ஒத்திருப்பின், காய்கள் நடமாட எவ்வளவு இடமுண்டு, அரசன் காவலோடிருக்கின்றானா, காலாட்கள் முன்னேறியுள்ளனரா என்பவற்றை எண்ணி முடிவு செய்யும்.

கேட்பதற்கு எளிதாயினும் செய்தற்கு அரிது. ஒரு நிலையில் ஏறக்குறைய 30 நகர்த்தல்கள் உண்டெனக் கொள்வோம். ஒவ்வொன்றிற்கும் விடை 30 எனின், இரண்டடிக்கு 900 நிலைகள்; மூன்றடிக்கு 27,000; நான்கடிக்கு 8,10,000. அந்நாட் கணிப்பொறிகள் இதற்குப் போதா. அவ்விதிகளைப் பொறியில் ஏற்றி முழு ஆட்டம் காணும் வாய்ப்பு டூரிங்குக்கு வாய்க்கவில்லை. 1951ஆம் ஆண்டில் அவருடன் பணிபுரிந்த பிரின்ஸ் என்பார், இரண்டே நகர்த்தலில் அரசனை மடக்கும் புதிர்களை மட்டும் மான்செஸ்டர்ப் பொறியைக் கொண்டு தீர்த்தார்.

பொறி இல்லையாயின் என்? டூரிங் தாமே பொறியாயினார்! 1952ஆம் ஆண்டில் அலிக் கிளென்னி என்னும் உடன்பணியாளரை எதிரே அமர்த்தி, விதிகள் எழுதிய தாளைக் கையிற் கொண்டு, ஒவ்வொரு நகர்த்தலையும் கணக்கிட்டு ஆடினார். ஒரு நகர்த்தலுக்கு அரைமணி நேரமும் ஆயிற்று. விதி கூறும் நகர்த்தல் தமக்கே பிடிக்காவிடினும் அதனையே ஆடினார்; தம் எண்ணத்தைச் சிறிதும் கலக்கவில்லை. 29ஆம் நகர்த்தலில் விதித்தொகுதி காலாள் ஒன்றன்மேல் ஆசைப்பட்டு அரசியைச் செலுத்த, கிளென்னி யானையை நகர்த்தினார். அரசி தப்ப வழியில்லை. டூரிங் பொறியின் சார்பில் தோல்வியை ஒப்புக்கொண்டார். கிளென்னியும் பெரிய ஆட்டக்காரர் அல்லர். ஆயினும் மனிதனுக்கும் கணிப்பொறி விதிக்கும் இடையே நிகழ்ந்த முழு ஆட்டங்களுள் ஏட்டிற் பதிந்து நமக்குக் கிடைத்த முதல் ஆட்டம் இதுவே என்பர். கெம்பலனின் பெட்டியுள் மனிதன் ஒளிந்திருந்து பொறி போல நடித்தான். மான்செஸ்டரில் மனிதன் வெளிப்படையாக அமர்ந்து பொறிக்கு உண்மையாக நடந்தான்.

பொறியும் ஆன்மாவும்

1950ஆம் ஆண்டில் டூரிங் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, பொறி எண்ணுமோ என்னும் வினாவை ஆராய்கின்றது. மறைவில் உள்ள ஒருவரோடு எழுத்தாலே உரையாடி, விடை தருபவர் மனிதரோ பொறியோ என்று பிரித்தறிய இயலாதாயின், அப்பொறிக்கு எண்ணும் ஆற்றல் இல்லை என்று மறுத்தல் எதனால் என்று அவர் கேட்டார். அவர் அமைத்த மாதிரி உரையாடலிலும் சதுரங்கப் புதிர் ஒன்று இடம் பெற்றுள்ளது.

எண்ணுதல் கடவுள் மனிதனுக்கு மட்டும் அளித்த அழியா ஆன்மாவின் தொழில். ஆதலின் பொறி எண்ணாது என்னும் தடையையும் அவர் எடுத்துக்கொண்டார். அவ்வாறு கூறுவோர் கடவுளின் வல்லமைக்கே எல்லை வகுக்கின்றனர் என்பது அவர் விடை. விலங்கொன்றிற்கு ஆன்மாவை அருளக் கடவுள் திருவுளங் கொண்டால் தடுப்பார் யார்? மக்களைப் பெறும் பெற்றோர் ஆன்மாவைப் படைப்பதில்லை. இறைவன் படைக்கும் ஆன்மாவிற்கு இல்லம் அமைத்துத் தருகின்றனர். பொறி அமைப்போரும் அத்தகையரே என்றார். அவர் தாம் இளமையிற் கொண்ட சமய நம்பிக்கையை விட்டவர். இவ்விடையையும் வாதத்திற்காகவே கூறினார். எனினும் சமயம் பயிலும் நமக்கு இது தள்ளத்தக்கதன்று. மனிதனின் பெருமை கணக்கிடுதலில் உள்ளது என்று நாம் கருதியிருப்பின், கணக்கிடும் பொறி வந்தவுடன் அப்பெருமை போய்விடும். நம் பெருமை அன்பிலும் அறத்திலும் உள்ளதாயின் எப்பொறியாலும் அதற்குக் குறைவில்லை. அவ்வன்பும் அறமும் டூரிங்கினிடத்தே நடந்துகொண்ட வகையை இனிக் காண்போம்.

துன்பமும் முடிவும்

டூரிங் ஆடவர்மாட்டே அன்பு கொள்ளும் இயல்புடையவர். போர்க் காலத்தில் ஜோன் கிளார்க் என்னும் அறிவுடை நங்கையோடு மணம் பேசப்பட்டபோது, தம் இயல்பை அவரிடம் மறையாது கூறி, பின்னர் அம்மணத்தையும் தாமே நிறுத்திக்கொண்டார். 1952ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் வீட்டில் திருட்டு நிகழ்ந்தது. அதனைப் பற்றிக் காவலர் வினவியபோது, ஓர் ஆடவரோடு தமக்குள்ள உறவையும் அவர் மறைத்திலர். அஃது 1885ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டப்படி குற்றம். திருட்டைத் தெரிவித்தவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். 1952ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சிறை செல்லாதிருத்தல் வேண்டின், ஓராண்டு பெண்மைச் சுரப்பு மருந்தை ஏற்றல் வேண்டும் என்றனர். அவர் மருந்தை ஏற்றார், உடல் வேறுபட்டது. அரசின் மறைமொழிப் பணிக்கும் அவர் தகுதியற்றவர் எனப்பட்டார். நாட்டைக் காத்த அவர் தொண்டோ அரச இரகசியம். வழக்கு மன்றத்திற் சொல்லவும் கூடாது. அவ்விரகசியம் உலகறிய வெளிவந்தது 1970க்குப் பின்னரே.

அந்நிலையிலும் அவர் ஆய்வை விட்டாரல்லர். விலங்கின் தோலிற் புள்ளியும் வரியும் எங்ஙனம் அமைகின்றன என்பதைக் கணிதத்தால் விளக்கும் அரிய கட்டுரை அவ்வாண்டிலேயே வெளிவந்தது. ஆயினும் 1954ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் அவர் தம் இல்லத்தில் உயிர் நீத்தார். நஞ்சால் இறந்தார், தற்கொலை என்பது விசாரணையின் முடிவு. அருகே கடித்த ஆப்பிள் ஒன்று கிடந்தது. வேதிப் பொருள்களைக் கையாளுகையில் நேர்ந்த தற்செயல் நிகழ்ச்சி என்றே அன்னையார் இறுதிவரை நம்பினார். போத்தனூரிற் பிறந்த அவ்வன்னையார் தம் 77ஆம் வயதில் மகனின் வரலாற்றை எழுதி 1959ஆம் ஆண்டில் வெளியிட்டார். சிறு வயதில் விட்டுப் பிரிந்த மகனுக்கு அவர் செய்த இறுதிக் கடன் அது.

42ஆம் பிறந்த நாளுக்கு 16 நாட்கள் இருந்தன. எம் ஊர் ஈன்ற இராஜம் ஐயர் 1898ஆம் ஆண்டில் 26 வயதில் மறைந்தார். கணித மேதை இராமானுஜன் 1920ஆம் ஆண்டில் 32 வயதில் மறைந்தார். அவர்களை நோய் கொண்டு சென்றது. டூரிங்கைக் கொண்டு சென்றதில் மனிதர் வகுத்த சட்டத்திற்கும் பங்குண்டு.

பின் விளைந்தவை

அவர் இட்ட வித்து மரமாயிற்று. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோசில், மந்திரிகள் இல்லாத 36 கட்டப் பலகையில், கணிப்பொறி ஒன்று புதிதாக ஆட்டம் கற்ற ஒருவரை வென்றது. 1996ஆம் ஆண்டில் டீப் புளூ என்னும் பொறி உலக வீரர் காஸ்பரோவிடம் 4-2 என்னும் கணக்கில் தோற்றது. 1997ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் நியூயார்க்கில் அதுவே அவரை 3½-2½ என்று வென்றது. வினாடிக்கு 20 கோடி நிலைகளை அஃது ஆராய்ந்தது. ஆயினும் காய்க்கு மதிப்பிட்டு, எதிரியின் சிறந்த விடையைக் கருதி, கேடு குறைந்த வழியைத் தேரும் அதன் அடிப்படை, டூரிங் தாளில் எழுதிய முறையை ஒத்ததே. 2012ஆம் ஆண்டில் டூரிங்கின் நூற்றாண்டு விழா மான்செஸ்டரில் நிகழ்ந்தபோது, டூரோசாம்ப் விதிகளைக் கணிப்பொறியில் ஏற்றிக் காஸ்பரோவை ஆடச் செய்தனர். 16 நகர்த்தலில் அவர் வென்றார். வென்றும், முன்னோடியைப் புகழ்ந்தார்.

பொறி வென்றமையால் சதுரங்கம் அழிந்துவிடும் என்று அஞ்சினோர் பலர். நிகழ்ந்தது வேறு. தமிழகத்தின் விசுவநாதன் ஆனந்த் பொறியைப் பகையாகக் கொள்ளாது பயிற்சித் துணையாகக் கொண்டு உலக வீரரானார். 2022ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை இளைஞர் குகேஷ் தம் 18ஆம் வயதில் உலகப் பட்டம் பெற்றார். பொறியோடு பழகிய மனிதர் ஆட்டம் முன்னினும் கூர்மை பெற்றுள்ளது. கணிப்பொறி அறிஞர்க்கு அமெரிக்கக் கழகமொன்று 1966 முதல் டூரிங் பெயரால் உயர்பரிசு வழங்கி வருகின்றது. கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்ற ராஜ் ரெட்டி 1994ஆம் ஆண்டில் அதனைப் பெற்றோருள் ஒருவர்.

ஆங்கில அரசு 2009ஆம் ஆண்டில் தான் இழைத்த கொடுமைக்கு வருந்தியது. 2013ஆம் ஆண்டில் அரசியார் மன்னிப்பு வழங்கினார். 2021ஆம் ஆண்டில் 50 பவுன் தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது. நம் நாட்டிலும் ஆங்கிலேயர் 1860ஆம் ஆண்டில் எழுதிவைத்த 377ஆம் பிரிவின் அத்தகைய பகுதியை உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் நீக்கியது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார், பெற வேண்டியவர் யார் என்பதைக் கற்றோர் எண்ணிப் பார்ப்பாராக.

பொறிக்கும் நேர்மை காட்டுக என்று வேண்டியவர்க்கு மனிதர் நேர்மை காட்டவில்லை. அவர் வரலாறு மாணவராகிய நமக்குக் கற்பிப்பன இரண்டு. வல்லார்முன் தோற்றல் இழிவன்று. தோற்றதன் காரணத்தை ஆராயாமையே இழிவு. மற்றொன்று, நம் விடுதியிலும் வகுப்பிலும் பிறரோடு ஒவ்வாது தனித்து நிற்பார் ஒருவரைக் காணின், அவரை எள்ளி ஒதுக்குமுன் சற்றே நின்று எண்ணுதல். அவர் உள்ளத்தில் எத்தகைய பொறி உருவாகிக்கொண்டிருக்கின்றது என்பதை யாரறிவார்? பேரறிஞர் ஆயினும் ஆகாவிடினும், மனிதர் என்னும் அவ்வளவிலேயே அவர் நம் அன்பிற்கு உரியர்.